நீ எழுதியபடியே செய்

மார்ச் 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமா? அண்ணியும் பிள்ளைகளும் சுகம்தானே? நான் நலம். அப்பாவைப் பற்றி எழுதத்தான் இந்தக் கடிதம்.

இதை வீட்டில் எழுதவில்லை. கண்ணாடிக் கடையில் வேலைக்கு நடுவே, ஆள் வராத நேரமாகப் பார்த்து எழுதி, நானே தபால் பெட்டியில் போடுகிறேன். இதில் இருப்பதை உன் பதிலில் மறந்தும் குறிப்பிடாதே. நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியாததா? தபால் யார் பெயருக்கு வந்தாலும் அப்பா உறையைக் கத்தரித்து, சாப்பாட்டு மேசையில் உரக்கப் படித்த பிறகுதான் உரியவர் கைக்கு வரும். அத்தனை வருஷம் அச்சகத்தில் பிழை திருத்திய மனுஷர், ஒரு காகிதத்தைப் படிக்காமல் விடுவாரா?

விஷயம் இதுதான். அப்பாவுக்குச் சாப்பிட்டது தங்கவில்லை என்று எழுதியிருந்தேன் அல்லவா. வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். கட்டி இருக்கிறது. கொஞ்சம் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். டாக்டரம்மா என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டு, "நல்ல முடிவா வரும்னு சொல்ல முடியலம்மா. வீட்ல வேற யாரு இருக்காங்க?" என்று கேட்டார். அண்ணன் இருக்கிறான், தூரத்தில் என்றேன். "அவரையும் வச்சுப் பேசுங்க, பெரிய முடிவா எடுக்க வேண்டி வரும்" என்றார். அப்பாவிடம் வயிற்றுப் புண் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உன்னோடு எப்படிப் பேசுவது? போன் கூடத்தில், அப்பாவின் நாற்காலியை ஒட்டி இருக்கிறது. மெயிலையும் காலையில் எழுந்ததும் அவர்தான் திறக்கிறார், நீ சொல்லிக் கொடுத்த புண்ணியம்! மெயிலைப் பூட்டி அனுப்பலாம் என்று போன தடவை வந்தபோது அளந்தாயே, அதை எனக்குக் கற்றுக் கொடு. கல்லூரியில் பாடம் நடத்துவதற்கு முன் பழகிப் பார்க்க ஆள் வேண்டும் என்று ஒரு சாக்கு எழுது, அப்பா நம்பிவிடுவார்.

எந்த முடிவையும் நான் ஒண்டியாக எடுக்க மாட்டேன் அண்ணா. எனக்கு அவ்வளவு நெஞ்சழுத்தம் கிடையாது.

பதிலுக்குக் காத்திருக்கும்,
வாலு


மார்ச் 19

அன்புள்ள வாலுவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். அப்பா, இதை நீங்கள்தான் உரக்கப் படித்துக்கொண்டிருப்பீர்கள், வணக்கம். கடிதம் கொஞ்சம் நீளம், தண்ணீர் குடித்துவிட்டு ஆரம்பியுங்கள். வயிற்றுப் புண்ணுக்குக் காரத்தைக் குறைக்க வேண்டும்.

கல்லூரியில் இந்த வருஷம் பூட்டு மெயில் பாடத்தை என் தலையில் கட்டிவிட்டார்கள். பழகிப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். என் வீட்டுக்காரிக்குப் பொறுமை இல்லை, நீதான் மாட்டினாய்.

கவனமாகக் கேள். இதற்கென்று இணையத்தில் கிடைக்கும் நிரலை உன் கம்ப்யூட்டரில் ஏற்றியதும் உனக்கு இரண்டு சாவி உண்டாகும். பொதுச் சாவி என்பது பெயரளவில்தான் சாவி, உண்மையில் அது திறந்து கிடக்கும் பூட்டு. யாருக்கு வேண்டுமானாலும் கொடு. ரகசியச் சாவி உன் கம்ப்யூட்டரை விட்டு நகரக் கூடாது. நான் உனக்கு எழுதும்போது உன் பூட்டைப் போட்டு அனுப்புவேன், உன் ரகசியச் சாவிதான் திறக்கும். நீ எனக்கு எழுதும்போது என் பூட்டு. திரையில் எங்கே அழுத்த வேண்டும் என்று பின்பக்கம் படம் வரைந்திருக்கிறேன்.

என் பூட்டை மெயிலில் அனுப்புகிறேன். அதற்குக் கைரேகை மாதிரி நாற்பது எழுத்து உண்டு. அதை இந்தக் கடிதத்தின் அடியில் எழுதியிருக்கிறேன். உன் திரையில் தெரிவதும் இதுவும் ஒன்றா என்று பார். ஒன்றாக இருந்தால்தான் அது என் பூட்டு.

கடைசியாக, மிக முக்கியம். ரகசியச் சாவியை ஒரு வட்டில் நகல் எடுத்து அலமாரியில் வை. கம்ப்யூட்டர் கெட்டால் சாவியும் போய்விடும். சாவி போனால் அதற்குப் பூட்டிய மெயிலைக் கடவுளே வந்தாலும் திறக்க முடியாது. இதைச் செய்யாமல் என்னிடம் வந்து மூக்கைச் சிந்தும் மாணவர்களை வருஷா வருஷம் பார்க்கிறேன். மூளை இருந்தால் பிழைத்துக்கொள் என்று அனுப்பிவிடுவேன்.

அன்புடன்,
அண்ணன்


ஏப்ரல் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம், நலமே விரும்புகிறேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதச் சொல்லிக் கொடுக்கிறார், அதனால் பிழை இருந்தால் என்னைத் திட்டாதே.

நிரலை ஏற்ற இரண்டு சாயங்காலம் ஆனது. பாதியில் போன் லைன் அறுந்து, மறுபடி முதலிலிருந்து. அதன் பிறகு உன் கைரேகையைச் சரிபார்க்க நான் ஒரு பார்வை பார்த்துவிட்டு "ஒண்ணாத்தான் இருக்கு" என்றேன். அப்பாவுக்கு வந்ததே கோபம்! "இதுவா பாக்குற லட்சணம்? ஒருத்தர் வாசிக்கணும், ஒருத்தர் பாக்கணும்" என்று பென்சிலோடு வந்து உட்கார்ந்துவிட்டார். நான் திரையைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக வாசிக்க, அவர் உன் கடிதத்தில் புள்ளி வைத்துக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் நிறுத்தி, "இது எட்டா, பியா?" என்றார். நீ எழுதியிருக்கும் லட்சணத்தில் அது எட்டாகவும் இருக்கலாம், வெறும் கிறுக்கலாகவும் இருக்கலாம். "இந்தக் கையெழுத்தோட எங்க அச்சகத்துக்கு வந்திருந்தா அன்னைக்கே வெளிய அனுப்பியிருப்போம்" என்கிறார். கடைசியில் எட்டுதான் என்று முடிவாயிற்று.

பூட்டிய மெயில் ஒன்று அனுப்பியிருக்கிறேன். திறக்கிறதா என்று உடனே எழுது. உன் பாடம் ஏற்கெனவே தாமதமாகிக்கொண்டிருக்கிறது அண்ணா, அதிக நாள் தள்ள முடியாத பாடம் என்று நினைக்கிறேன்.

அப்பா கொஞ்சம் இளைத்திருக்கிறார். காரத்தைக் குறைத்துவிட்டோம்.

அன்புடன்,
வாலு


ஏப்ரல் 15

அன்புள்ள வாலுவுக்கு,

இங்கே சுகம். அங்கே சுகம் அறிய ஆவல்.

உன் மெயில் திறக்கவில்லை. திறக்காது. ஏனென்றால் என் பூட்டுக்குப் பதிலாக உன் பூட்டையே போட்டு எனக்கு அனுப்பியிருக்கிறாய், தாயே! வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு விருந்தாளியை உள்ளே வா என்று கூப்பிடுகிற கதை. யாருக்கு என்று கேட்கும் இடத்தில் என் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், படத்தில் மூன்றாவது கட்டம். மறுபடி எழுதி, என் பூட்டைப் போட்டு அனுப்பு. இந்தத் தடவையாவது கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு செய்.

அப்பா, எட்டுதான். மன்னிக்கவும்.

அன்புடன்,
அண்ணன்


ஏப்ரல் 29

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் உன் குடும்பமும் நலமாக இருக்க வேண்டும். என் உடம்பு இருக்கிறபடி இருக்கிறது.

உன் தங்கை கடைக்குப் போயிருக்கிறாள். நேற்று அவள் உனக்குப் பூட்டிய மெயில் அனுப்பினாள். வெகுநேரம் உட்கார்ந்து எழுதினாள். எழுதும்போது நான் அந்தப் பக்கம் போகவில்லை. எழுந்து வந்தபோது கண் இரண்டும் வீங்கியிருந்தது. தூசி என்றாள். கல்லூரிப் பாடத்துக்குப் பழகுகிறவர்கள் அழ மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும் தம்பி. வயிற்றுப் புண்ணுக்கு இவ்வளவு மருந்து எழுத மாட்டார்கள் என்பதும் தெரியும்.

உங்கள் பூட்டுக்குள் என்ன இருக்கிறது என்று நான் கேட்கப் போவதில்லை. எனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைப்பதில்தான் அவளுக்கு ஒரு தெம்பு இருக்கிறது, அதைக் கெடுக்க வேண்டாம். எது செய்தாலும், செய்யாமல் விட்டாலும் எனக்குச் சம்மதம். ஒன்றே ஒன்று கேட்கிறேன். முடிவை இரண்டு பேருமாக எடுங்கள். உன் அம்மா விஷயத்தில் நான் ஒருவனாக நின்று முடிவு சொன்னேன். அது சரியா தப்பா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கேட்க ஆளும் இல்லை. உன் தங்கைக்கு அந்தக் கதி வர வேண்டாம்.

இதை அவளிடம் சொல்லாதே.

ஆசிகளுடன்,
அப்பா


மே 9

அன்புள்ள வாலுவுக்கு,

நலம். அப்பாவைக் கேட்டதாகச் சொல்.

உன் மெயில் வந்தது. பூட்டு நன்றாகத் திறந்தது. முழுவதும் படித்தேன். எல்லாவற்றையும் விவரமாகவே எழுதியிருக்கிறாய், நானாக இருந்தாலும் இப்படித்தான் யோசித்திருப்பேன். நீ எழுதியபடியே செய். எனக்கு அதில் மறுபேச்சு இல்லை. தைரியமாக இரு, நான் உன்னோடுதான் இருக்கிறேன்.

இங்கே என் கம்ப்யூட்டரில் சில மாற்றங்கள் செய்திருக்கிறேன். அதனால் பழைய பூட்டை எடுத்துப் போட்டுவிடு. புதிய பூட்டு ஒன்றை மெயிலில் அனுப்பியிருக்கிறேன், இனிமேல் அதையே பயன்படுத்து. கைரேகை கீழே. எட்டுகளை இந்தத் தடவை தெளிவாக எழுதியிருக்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்


மே 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமா? இது மறுபடியும் கண்ணாடிக் கடையிலிருந்து. உன் புதிய பூட்டு என் கம்ப்யூட்டரில் ஏற மாட்டேன் என்கிறது, ஏதோ வரி விட்டுப்போனதாகச் சொல்கிறது. அதோடு மல்லுக்கட்ட இப்போது எனக்குத் தெம்பில்லை. ஆகவே காகிதம்.

உன் கடிதத்தை அப்பா மேசையில் உரக்கப் படித்தார். "நீ எழுதியபடியே செய்" என்ற இடத்தில் எனக்கு உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அந்த மெயிலை அனுப்பியதிலிருந்து ஒரு வாய்ச் சோறு ஒழுங்காக இறங்கவில்லை அண்ணா. கட்டியை வெட்டி எடுத்தால் பிழைக்கப் பாதிக்குப் பாதிதான், ஆபரேஷன் மேசையிலேயே உயிர் போனாலும் போகலாம் என்று டாக்டரம்மா சொன்னதையும், வெட்டாவிட்டால் சில மாதம்தான் என்பதையும் எழுதிவிட்டு, வெட்ட வேண்டாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, நீ வெட்டலாம் என்றால் என் பேச்சைத் தள்ளிவிடு, உன் பேச்சுப்படி செய்வோம் என்று எழுதியிருந்தேன் இல்லையா. எழுதிய பிறகு, நான் சோம்பேறித்தனத்தில் சொல்கிறேனா, பயத்தில் சொல்கிறேனா என்று மண்டை காய்ந்தது. நீயும் அதையே நினைத்தாய் என்றதும் பாரம் பாதியாகிவிட்டது.

மறுநாளே டாக்டரம்மாவிடம் போய், அண்ணனும் நானும் பேசிவிட்டோம், வெட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வலிக்கு மருந்து மாற்றிக் கொடுத்திருக்கிறார்.

எழுதியதை ஒருமுறை திரும்பப் படிக்கலாம் என்று அனுப்பிய மெயிலைத் திறந்தேன். திறக்கவில்லை! உன் பூட்டாம், நான் எழுதியதை நானே படிக்கக் கூடாதாம். நல்ல நிரல் போ.

ஒரு கேள்வி. ஜூன் முதல் வாரத்துக்குள் வந்துவிடு என்று அதில் கெஞ்சியிருந்தேன். அதைப் பற்றி நீ மூச்சே விடவில்லையே? வருகிறாய்தானே?

அன்புடன்,
வாலு


ஜூன் 12

அன்புள்ள வாலுவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எழுத நாளாகிவிட்டது, மன்னித்துக்கொள். உடம்பைப் பார்த்துக்கொள்.

பாடத்தில் ஒரு சந்தேகம். ஒருமுறை கொடுத்த விடையை மாற்றி எழுத இடம் இருக்கிறதா? இருந்தால் உடனே எழுது, தந்தியானாலும் பரவாயில்லை. இங்கே தேர்வு நேரம். விடுமுறைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். எப்படியும் வந்துவிடுவேன்.

அப்பாவின் பக்கத்திலேயே இரு.

அண்ணன்


ஜூன் 22

அன்புள்ள அண்ணாவுக்கு,

விடையை மாற்ற இடம் இல்லை. அதற்கான நாள் கடந்துவிட்டது. உன் கடிதம் வந்ததும் போய்க் கேட்டுப் பார்த்தேன், இனி உடம்பு தாங்காது என்றார்கள். எதற்காக இப்போது கேட்கிறாய் என்று புரியவில்லை. முடிந்ததை நோண்டாதே அண்ணா, எனக்குப் பயமாக இருக்கிறது.

இந்தக் கடிதத்தை ஒளித்து எழுத வேண்டிய அவசியம்கூட இல்லாமல் போயிற்று. அப்பாவால் இப்போது மேசைக்கு வர முடிவதில்லை. தபாலை நான்தான் பிரிக்கிறேன்.

சீக்கிரம் வா.

வாலு


ஆகஸ்ட் 3

அன்புள்ள வாலுவுக்கு,

அண்ணி எழுதுவது. எப்படி இருக்கிறாய்? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? மாமா இல்லாத வீட்டில் நீ தனியாக இருப்பதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். பிள்ளைகள் உன்னைக் கேட்கிறார்கள்.

இதை நான் எழுதுவது உன் அண்ணனுக்குத் தெரியாது. மாமா போன பிறகு அவர் உன் வீட்டில் இருந்த நாலு நாளும் யாரோடும் பேசாமல் அந்தக் கம்ப்யூட்டரின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார் என்று வருத்தப்பட்டாயே. இங்கேயும் அப்படித்தான். கல்லூரி விட்டு வந்தால் நேராக எங்கள் கம்ப்யூட்டரின் முன்னால் போய் உட்கார்ந்துவிடுகிறார். போன வாரம் நான் பொறுக்க முடியாமல் பக்கத்தில் போய் நின்றேன். திரையில் உன் மெயில், சித்திரையில் நீ அனுப்பியது. அதன் மேலே ஒரே வரி: இதைத் திறக்கும் ரகசியச் சாவி இங்கே இல்லை.

உன் மெயில் வருவதற்கு இரண்டு நாள் முன்னால் இங்கே கம்ப்யூட்டரில் வைரஸ் ஏறி, எல்லாவற்றையும் துடைத்துப் புதிதாக ஏற்றினார். சாவியை நகல் எடுத்து வைக்கவில்லை. ஊருக்கெல்லாம் சொல்கிற ஆள்! நீ எழுதியதில் ஒரு எழுத்தைக்கூட அவர் படிக்கவில்லை, வாலு. ஒரு எழுத்துகூட.

"ஏன் அவகிட்ட சொல்லல?" என்று கத்தினேன். முதலில் வெட்கமாக இருந்ததாம். அதற்குள் மாமாவிடமிருந்து ஏதோ கடிதம் வந்ததாம், என்ன எழுதியிருந்தார் என்று எனக்குக் காட்டவில்லை. அதைப் படித்த பிறகு, திறக்கவில்லை என்று எழுதினால் உன்னை அம்போ என்று விட்ட மாதிரி ஆகிவிடும் என்று பயந்தாராம். "அவ எதை எழுதியிருந்தாலும் சரியாத்தான் எழுதியிருப்பா. புதுப் பூட்டுல அடுத்த மெயில் வந்தா எல்லாம் புரிஞ்சிடும்னு நினைச்சேன்" என்றார். அடுத்து வந்ததோ நீ காகிதத்தில் எழுதியது. அதைப் படித்துவிட்டு வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மறைத்து வைக்க எனக்கு மனம் வரவில்லை. நீ என்னை வெறுத்தாலும் சரி.

அன்புடன்,
அண்ணி


ஆகஸ்ட் 18

அண்ணாவுக்கு,

நலமா என்று கேட்டுத்தான் தொடங்கிப் பழக்கம், கேட்கிறேன். நான் நலமாக இல்லை.

அண்ணி எழுதியிருந்தார். அவரிடம் கோபித்துக்கொள்ளாதே, வீட்டில் ஒருவராவது உண்மை சொன்னார்களே என்று இருக்கிறது. கடிதத்தைப் படித்ததும் உன்னைப் போனில் கூப்பிட்டு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கலாம் என்று கையில் எடுத்தேன். எண்ணைச் சுழற்றாமல் வைத்துவிட்டேன். கேட்டால் நீ அழுவாய். அழுதால் நான்தான் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கும். அதற்கு எனக்கு இப்போது மனசில்லை.

நீ திறக்கவில்லை என்று எழுதியிருக்கலாமே அண்ணா. நான் தப்பான பூட்டைப் போட்டபோது நீ எவ்வளவு சுளுவாகத் திறக்கவில்லை என்று எழுதினாய்! தப்பு என்னுடையதாக இருந்தால் எழுத வருகிறது, உன்னுடையதாக இருந்தால் கை வரவில்லை. பத்து நாள் தாமதமாகியிருக்கும், அவ்வளவுதான். பத்து நாள் அப்போது நம்மிடம் இருந்தது.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அப்பா போவதற்கு முதல் நாள் காலை, தலையணையைச் சரிசெய்யக் குனிந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். "வயித்துப் புண்ணுன்னு சொன்னியே வாலு, நல்லாத்தான் பொய் சொல்ற" என்றார். பிறகு கேட்டார், "வெட்ட வேண்டாம்னு முடிவு பண்ணது நீ மட்டுமா, அவனும் சேர்ந்தா?"

"அவனும் சேர்ந்துதாம்ப்பா. நான் எழுதுனது பூரா படிச்சுப் பாத்துட்டுத்தான் சரின்னு எழுதினான்" என்றேன்.

"அப்ப சரி. நீ ஒண்டியா கிடந்து தவிச்சியோன்னுதான் எனக்கு ஒரே கவலை" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அன்று பகல் முழுக்க முனகல் இல்லாமல் தூங்கினார். அத்தனை மாதத்தில் அவர் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை.

அந்தத் தூக்கத்தை அவருக்குக் கொடுத்தது உன் பொய் அண்ணா. அதைத் தெரியாமல் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான். அதனால் உன்னைத் திட்டவும் முழுசாக முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை. அப்பாவிடம் நான் கடைசியாகச் சொன்னது உண்மையில்லை.

அந்தக் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டுவதை நிறுத்து. அது திறக்காது என்று உனக்கே தெரியும். அதில் இருப்பது எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. அடுத்த விடுமுறைக்கு வா. என் எதிரில் உட்கார், நான் சொல்கிறேன். பாதியில் எழுந்து போகக் கூடாது. முழுசையும் கேட்ட பிறகு, அன்றைக்குப் படித்திருந்தால் நீ என்ன சொல்லியிருப்பாய் என்று சொல். வெட்டலாம் என்றுதான் சொல்லியிருப்பாய் என்றால் அதையும் சொல்லிவிடு. எனக்காக மாற்றிச் சொல்லாதே. எதுவாக இருந்தாலும் நீயும் சொன்னதாக இருக்கட்டும். ஒண்டியாக இருக்க என்னால் முடியவில்லை.

அண்ணியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை